மூடுபனியில் விழுந்த கோடு: கோத்தகிரி பிரிண்டர் ஒன்றின் முழு விவரம்

கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய இங்க்ஜெட் பிரிண்டரில் கெட்டிக் கறுப்பு அடைத்தால் யாருக்கும் தெரியும், படமே சோகை பிடித்த மாதிரி வெளியே வரும். இருப்பதிலேயே வெளிர்ந்த மை அடைத்தால் தெரியாது. நாசில் செக், அதாவது மை துப்பும் நுண்துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அடித்துப் பார்க்கும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாம் சரியாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டு, பேப்பரைத் திட்டி, கர்வ் எனும் மை அளவுக் கணக்கைத் திட்டி, கடைசியில் மை துப்பும் ஹெட் புதிதாக என்ன விலை என்று விசாரிக்கிற வரைக்கும் போவோம். கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவருடைய பிரிண்டர் அந்த எல்லை வரை போய்த் திரும்பி வந்தது. கோளாறு என்ன, எப்படிப் பிடித்தோம், இப்போது எப்படி வைத்திருக்கிறோம் என்று முழுசாகவே எழுதுகிறேன். மலையில் இதே வேலை செய்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பிரிண்டரைப் பற்றி. ஏ3 தாளைவிடக் கொஞ்சம் பெரிய அளவு வரை அடிக்கும் ஆறு நிற டேங்க் மாடல். பியசோ ஹெட், அதாவது மையைச் சூடாக்கித் தெறிக்க விடாமல், மின்சாரம் பட்டால் நெளிகிற படிகத்தை வைத்துத் துளியைத் தள்ளும் வகை. நிறத்துக்கு 90 நாசில், மொத்தம் 540. உள்ளே போகிற மை சிவப்பா கறுப்பா என்று இந்த ஹெட்டுக்குக் கவலையில்லை, சரியான பதத்தில் ஓடினால் போதும், அதனால்தான் மாற்றவே முடிகிறது. கலர் மை அத்தனையும் எடுத்துக் கழுவிவிட்டு, கறுப்பு டேங்கில் கார்பன் பிக்மென்ட் மேட் பிளாக்கை அப்படியே ஊற்றியிருக்கிறார். மற்ற ஐந்திலும் அதே மையை நிறமில்லாத பேஸ் திரவத்தில் கலந்து 30, 18, 9, 6 சதவீதம் என்று இறக்கிக்கொண்டே வந்து, மஞ்சள் இருந்த டேங்கில் வெறும் 2 சதவீதம். அச்சடிப்பது ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் வழியாக. எந்தச் சாம்பலுக்கு எந்த டேங்கிலிருந்து எவ்வளவு மை என்பதை அதன் கர்வ் கோப்புதான் முடிவு செய்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கலர் மையில் சாம்பல் நிறம் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கலந்துதான் வருகிறது. டியூப் லைட்டில் ஒரு சாயல், ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு சாயல் காட்டும், வருஷம் போகப் போக ஒவ்வொரு நிறமும் தன் வேகத்தில் வெளுக்கும். கார்பன் அவ்வளவு லேசில் அசையாது. ஒரே ஒரு கறுப்பை மட்டும் வைத்து அடித்தால் வெளிச்சமான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால்தான் அடர்த்தி வாரியாக இத்தனை சாம்பல். ஜான் கோன் பியசோகிராஃபி என்ற பெயரில் இதை ஏழு அடர்த்தி வரை கொண்டுபோனார். நம் தம்பி ஆறோடு நிறுத்திக்கொண்டார், மையையும் தானே கலந்துகொள்கிறார், இறக்குமதி மை கட்டுப்படியாகாது.

இவருடைய அப்பா ஊட்டி இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய அந்தப் பொதுத்துறை ஆலையின் ‘இந்து’ பேப்பரில் போட்ட பழைய பிரிண்டுகள் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகின்றன. பிரிண்டரிலிருந்து வருவதை அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் அந்த வீட்டில் வழக்கம், கூச்சமே இல்லாமல் குறை சொல்வார் பெரியவர். இந்தக் கோட்டை முதலில் கவனித்ததும் அவர்தான்.

கோளாறு தெரிந்தது பனிக்காலம் முடிகிற நேரம். தம்பி அடிப்பது பெரும்பாலும் கொடநாடு பக்கத்து மலைச் சரிவுகள், சோலைக்காடு, தேயிலை, எல்லாவற்றின் மேலும் மூடுபனி. மூடுபனி என்றால் பேப்பர் வெள்ளைக்கும் வெளிர் சாம்பலுக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன இடைவெளிக்குள் முழுப்படமும் நடக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஹெட் ஓடும் திசையில், மயிரிழை அகலத்தில், ஒரே சீரான இடைவெளி விட்டு வெளிர் கோடுகள் விழுந்தன. கூடவே பனியின் மெல்லிய அடுக்குகள் கரைந்து பேப்பர் வெள்ளையாகிவிட்டன. மரங்களின் நிழல், பாறை எல்லாம் அருமையாக இருந்தன. நாசில் செக் அடித்தால் கறுப்பு முழுசு, 30 முழுசு, 18, 9 முழுசு, 6 பரவாயில்லை, 2 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். ‘இருக்கு’ என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், வெள்ளைத் தாளில் 2 சதவீத மை போட்ட மெல்லிய கோட்டை வெறும் கண்ணால் பார்க்க முடியாது.

ஹெட் கிளீனிங் போட்டிருக்கிறார். போட்டதும் அடுத்த பிரிண்டில் பனி திரும்பி வந்தது, கோடு கொஞ்சம் இருந்தாலும் சாம்பல் நிறைவாக இருந்தது. ரெண்டு மூணு தாள் போனதும் மறுபடி வெளுத்தது. மறுபடி கிளீனிங், மறுபடி சரியானது, மறுபடி வெளுத்தது. இப்படியே ஓட்டியதில் டேங்குகள் மளமளவென்று இறங்கி, கிளீனிங்கில் வீணாகும் மையை உறிஞ்சிக்கொள்ளும் வேஸ்ட் பேட் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கையும் வந்துவிட்டது. கோவையில் ஒரு சர்வீஸ் கடையில் போனிலேயே ஹெட் மாற்றணும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அண்ணா, கிளீனிங் போட்டா சரியாகுதுங்க, அப்புறம் போயிடுதுங்க. அப்ப ஹெட்டுதானுங்களே?” என்றார் என்னிடம்.

“கிளீனிங் போடறத மொதல்ல நிறுத்து தம்பி. இருக்கிறத அப்படியே வை, வர்றேன்” என்றேன்.

அளந்து பார்த்தது

கண்ணை நம்பாமல் இருப்பதற்காக முதலில் அடித்தது 21 படிகள் கொண்ட ஸ்டெப் வெட்ஜ். வெள்ளை முதல் கறுப்பு வரை ஐந்தைந்து சதவீதமாக ஏறும் கட்டங்கள், அவ்வளவுதான். அவரிடம் ஒரு பழைய ஸ்பெக்ட்ரோ இருக்கிறது, எல் ஸ்டார் என்ற அளவில் வெளிச்சத்தைச் சொல்லும், 100 என்றால் முழு வெள்ளை, 0 என்றால் முழு இருட்டு. அந்தக் காட்டன் மேட் பேப்பரில் வெள்ளை 96, கெட்டிக் கறுப்பு 17. நேராக்கிய கர்வில் ஒவ்வொரு படிக்கும் கிட்டத்தட்ட 4 குறைய வேண்டும், அதாவது 5 சதவீதக் கட்டம் 92, 10 சதவீதம் 88, 15 சதவீதம் 84 என்று வர வேண்டும். வந்தது 94.5, 91.5, 86. அதற்கு அடுத்த கட்டங்களிலிருந்து எல்லாம் சரியான இடத்துக்கு வந்து, கறுப்பு 17-இலேயே நின்றது.

இந்த ஒரு தாளே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. பேப்பர் ஈரம் பிடித்திருந்தால் கறுப்பும் நடுச் சாம்பலும் சேர்ந்தே தடுமாறியிருக்கும். மை டேங்கில் அடியில் தங்கியிருந்தால் கறுப்பின் அளவும் மாறியிருக்கும், 17 இருந்த இடம் 21, 22 என்று வெளுக்கும். இங்கே உச்ச வெளிச்சம் மட்டும்தான் போயிருக்கிறது, ஆக வெளிர்ந்த ரெண்டு மைகளுக்குள் தேடினால் போதும்.

அடுத்து குவாட்டோன் ரிப்பின் காலிப்ரேஷன் மோடு. ஒவ்வொரு டேங்க் மையையும் தனியாகப் பட்டைகளாக அடித்துத் தரும். அந்தத் தாளைச் சாதாரண ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்து, லெவல்ஸை ஒரேயடியாக இறுக்கி, அதாவது வெளிர் வித்தியாசங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்கு வெறும் தாளாகத் தெரிந்த 2 சதவீதப் பட்டை திரையில் சீப்புப் பல் உடைந்த மாதிரி நின்றது. நாசில் செக் தாளையும் அப்படியே ஸ்கேன் செய்தோம், அந்த வரிசையில் கால்வாசி நாசில் காணோம்.

காணாமல் போன நாசில் எல்லாம் அடைப்பு என்று நினைக்கக் கூடாது. ஒரே செக்கை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அடித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். விடுபட்ட இடங்கள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இருந்தால் மை காய்ந்து அடைத்திருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்றுக் குமிழ். ஆரம்பத்தில் முழுசாக வந்து, தாளின் கீழே போகப் போகத் தேய்ந்தால் மை வந்து சேரவில்லை, ஹெட்டுக்குள் போகும் மையை வடிகட்டும் டேம்பர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் டேங்கின் காற்றுத் துளை மூடியிருக்கும். இங்கே 2 சதவீத வரிசையில் இடம் மாறவே இல்லை, அடைப்பு. 6 சதவீத வரிசை மேலே நன்றாக ஆரம்பித்துப் பாதிப் பட்டையில் மங்கியது, காற்றுத் துளையைப் பார்த்தால் திறந்துதான் இருந்தது, ஆக டேம்பர்.

சரி, அப்படியென்றால் கிளீனிங் போட்டதும் பனி எப்படித் திரும்பி வந்தது? அடைப்பு விட்டுப்போய், அப்புறம் மறுபடி அடைத்தது என்று தம்பி நம்பியதில் ஆச்சரியமில்லை. நடந்தது வேறு. கிளீனிங்கின்போது ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேப் எனும் ரப்பர் தொட்டி ஆறு மையையும் சேர்த்து உறிஞ்சுகிறது, எல்லாம் ஒரே ஸ்பாஞ்சில் கலக்கிறது. கேப் ஒழுங்காக உறிஞ்சி முடிக்காவிட்டால் அந்தக் கலவை ஹெட்டின் அடித்தட்டிலேயே நின்று நாசிலுக்குள் கொஞ்சம் ஏறிவிடும். கலர் பிரிண்டரில் இப்படி நடந்தால் மஞ்சள் பச்சையாக வரும், உடனே தெரிந்துவிடும். இங்கே 2 சதவீத மையில் கெட்டிக் கறுப்பு ஒரு துளி ஏறினால் அது 5 சதவீத மையாகிவிடும், பார்க்க அதே சாம்பல்தான். மிச்சமிருந்த முக்கால்வாசி நாசில்கள் அடர்ந்த மையை அடித்து, அடைத்த கால்வாசியின் குறையை ஈடுகட்டின. ரெண்டு மூணு தாளில் கலப்பு மை தீர்ந்ததும் பழையபடி வெளுப்பு. அளந்ததிலும் இதுவே வந்தது: 2 சதவீத மையை மட்டும் முழுசாக அடித்த கட்டம், மாற்றிய புதிதில் எடுத்துவைத்த தாளில் 89. கிளீனிங் முடிந்த கையோடு அடித்த பழைய தாள் ஒன்றைத் தேடியெடுத்து அளந்தால் 85. அத்தனை நாசில் இல்லாமலும் கூடுதல் அடர்த்தி!

கேப்பில் இருந்தது

ஹெட் வண்டியைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஸ்பாஞ்சின் மேல் தார் ரோடு மாதிரி ஒரு கறுப்பு ஏடு. ரப்பர் உதட்டின் ஒரு ஓரத்தில், சரியாக 2 சதவீத வரிசை வந்து உட்காரும் பக்கம், வெள்ளையாக ஒரு நார் குறுக்கே படிந்து மையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. காட்டன் பேப்பரின் நார். ஹெட்டின் அடியைத் துடைக்கும் வைப்பர் பிளேடின் முனையிலும் அதே நார்கள், குட்டித் துடைப்பம் மாதிரி. இந்த வகைப் பேப்பரை வெட்டிய ஓரத்தோடு அப்படியே பிரிண்டரில் விட்டால் தூசியும் நாரும் உள்ளே கொட்டும், வைப்பர் அதை அள்ளிக்கொண்டுபோய் நாசில் தட்டில் தேய்க்கும், கேப் உதட்டில் விடும். உதட்டில் ஒரு நார் கிடந்தாலே கேப் காற்றுப் புகாமல் மூடாது. பம்ப் உறிஞ்சும்போது மைக்குப் பதில் அந்த இடுக்கு வழியாகக் காற்றைத்தான் இழுக்கும். கேப் உறிஞ்சி முடிக்காததற்கும் அந்த ஓரத்து நாசில்கள் காய்ந்ததற்கும் ஒரே காரணம்.

நார் மழைக்காலத்திலேயே விழுந்திருக்கலாம். அப்போது ஒன்றும் ஆகாது. ஜூன் முதலும், கோத்தகிரி குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழையிலும் அறைக்குள்ளேயே ஈரப்பதம் 90-ஐத் தொடும், கேப் சரியாக மூடாவிட்டாலும் நாசிலில் மை காயாது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து, ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில், போதாததற்கு அறையில் ரூம் ஹீட்டர், ஹைக்ரோமீட்டர் 35-க்குக் கீழே போனது. தம்பி அந்த மாதங்களில் கல்யாண வேலைகளுக்குப் போய்விடுவார், பிரிண்டர் சும்மா கிடந்தது. மலையில் மின்சாதனம் என்றாலே மழைக்காலத்துக்குத்தான் பயப்படுகிறோம். இந்த பிரிண்டர் விஷயத்தில் மழை கெடுப்பது பேப்பரை, பனி கெடுப்பது ஹெட்டை.

சரி செய்தது

பஞ்சு முனை வைத்த காது குச்சியைத் தொடவே கூடாது, அதுவும் நார்தான். ஃபோம் முனை ஸ்வாப்பை மையின் பேஸ் திரவத்தில் நனைத்து, கேப் உதட்டையும் வைப்பரின் ரெண்டு பக்கத்தையும் துடைத்தோம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டாம், பிக்மென்ட் துகள்களைத் தனித்தனியாக மிதக்க வைத்திருக்கும் கலவை அதில் முறிந்து துகள்கள் திரளும், அடைப்பை எடுக்கப் போய் புது அடைப்பை உண்டாக்கும். தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம், துகளின் அளவு கிட்டத்தட்ட 100 நானோமீட்டர், நாசில் துளை அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் அகலம். தனித்துகள் ஒருபோதும் அடைக்காது, திரண்டதும் காய்ந்ததும்தான் அடைக்கும்.

கேப்பில் பேஸ் திரவத்தை விளிம்பு வரை ஊற்றி ஹெட்டை அதன் மேல் ஒரு ராத்திரி நிறுத்தினோம். காலையில் திரவம் அப்படியே நின்றது, இப்போது உதடு சரியாக மூடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் கேப்பின் கீழ்க் குழாயில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்தோம். இழுக்கலாம், தள்ளக் கூடாது, கீழிருந்து அழுத்தித் தள்ளினால் கேப்பிலிருக்கிற அழுக்கு அத்தனையும் ஆறு வரிசைக்குள்ளும் ஏறும். 6 சதவீத வரிசைக்குப் புது டேம்பர் போட்டு, குழாயில் காற்று இல்லாமல் மையை இழுத்துவிட்டோம்.

அதற்கு மேல் கிளீனிங் கிடையாது. 2 சதவீத மையை மட்டும் முழுத்தாள் நிறைய அடிக்கும் ஒரு கோப்பு செய்து சாதாத் தாளில் ஓட்டினோம், நாசிலுக்குள் ஏறிய கறுப்பு அப்படித்தான் வெளியே போகும். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் அந்த மேட் பேப்பர் துண்டில் ஒரு கட்டம் அடித்து அளந்தோம், 85, 86.5, 88, கடைசியில் 89-இல் வந்து நின்றது. அதற்கு அப்புறம்தான் புது வெட்ஜ். இந்த வரிசை முக்கியம். கலப்பு மை இருக்கும்போதே வெட்ஜ் அடித்துக் கர்வைத் திருத்தினால், நாளைக்கு மை சுத்தமானதும் அந்தக் கர்வே தப்பாகிவிடும். தம்பி ஏற்கெனவே திருத்திவைத்திருந்த கர்வுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதையே ஏற்றினோம், வெட்ஜ் 92, 88, 84.5 என்று வந்தது, கர்வில் கைவைக்க வேண்டியே இருக்கவில்லை.

இப்போது வைத்திருக்கும் விதம்

வாரம் ஒரு தடவை, ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது, ஆறு மையும் தனித்தனிப் பட்டையாக வரும் ஒரு தாளை அடிக்க வேண்டும். தேதி எழுதி ஃபைலில் போட வேண்டும், மாதம் ஒரு தாளை ஸ்கேன் செய்து இறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டைத் தாளும் கட்ட அளவும் இல்லாமல் ஹெட் கிளீனிங் பட்டனைத் தொடக் கூடாது என்று பெரியவரே சட்டம் போட்டுவிட்டார். காட்டன் பேப்பரின் நாலு ஓரத்தையும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

டேங்குகளைக் கழற்றிக் குலுக்க முடியாது, தூக்கினால் மை ஹெட் வழியாக வழியும். அதனால் மூடியைத் திறந்து சிரிஞ்சால் மேலிருந்து மெல்ல இழுத்து அடியில் விட்டுக் கலக்குகிறார், நுரை வராமல். குளிரில் மை தடித்திருப்பதால் துகள் கீழே இறங்குவது சமவெளியைவிட மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் மாதக்கணக்கில் சும்மா விட்டால் இறங்கத்தான் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும் மை பாட்டிலை வந்ததும் திறக்கக் கூடாது. இங்கே காற்றழுத்தம் குறைவு, உப்பியிருக்கும், திறந்தால் சட்டையில் பீய்ச்சும். நிமிர்த்தி வைத்து, மூடியை லேசாகத் தளர்த்தி, நுரை அடங்கியபின் ஊற்றலாம்.

பெரும்பாலான மேசை பிரிண்டர்களின் கையேட்டில் 10 முதல் 35 டிகிரி வரை, ஈரப்பதம் 20 முதல் 80 வரை என்றுதான் போட்டிருக்கும். ஜனவரி விடியற்காலையும் ஜூலை மாலையும் இந்தக் கணக்குக்கு வெளியே. பனிக்காலத்தில் அறை கொஞ்சம் சூடேறிய பிறகு, பத்து மணிக்கு மேல்தான் அச்சு. ஹீட்டர் போட்டால் பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். மழைக்காலத்தில் பேப்பர் மட்டும் தனிக் கவனிப்பு. லென்ஸில் பூஞ்சை வராமலிருக்க பல்பு எரியவிட்ட அலமாரி ஒன்று ஸ்டுடியோவில் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் தட்டில், பிளாஸ்டிக் உறையை மூடி, அடிக்க வேண்டிய தாளை மட்டும் அந்த நேரத்தில் எடுப்பார். ஈரம் பிடித்த தாள் அலை அலையாக எழும்பும், ஹெட்டில் உரசும், கறுப்பும் ஆழமாக வராது. மழைக்கால வெட்ஜை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அளந்து அதற்கென்று ஒரு கர்வ், பனிக்காலத்துக்கு இன்னொன்று.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு மரம் சாய்ந்தால் மணிக்கணக்கில் வராது, அச்சு நடுவில் போனால் ஹெட் கேப்புக்கு வெளியே திறந்தபடி நிற்கும். சின்ன யு.பி.எஸ் ஒன்று போட்டாயிற்று. அந்தத் தாள் முடிவதற்கும், பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி அணைப்பதற்கும் போதுமான நேரம் கொடுக்கும். சுவர் சுவிட்சில் அணைத்தால் கேப் மூடிய பிறகுதான் அணைகிறது என்பதற்கு உத்தரவாதமில்லை.

2 சதவீத வரிசையில் ஒரே ஒரு நாசில் இன்னும் வரவில்லை, ஊறவைத்தும் அசையவில்லை. ஒரே திசையில் அடிக்கும்படி வைத்து, ரெசல்யூஷனை ஏற்றினால் பக்கத்து நாசில்கள் அந்த இடத்தின் மேல் பல தடவை ஓடி மறைத்துவிடுகின்றன, பெரியவர் கண்ணுக்கும் தப்புகிறது. நேரம்தான் கூட ஆகிறது. வேஸ்ட் பேடைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா, வேஸ்ட் குழாயை வெளியே இழுத்து ஒரு பாட்டிலில் விடலாமா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டில்தான் என் கட்சி, எவ்வளவு மை வீணாகப் போகிறது என்று தினமும் கண்ணெதிரே தெரியும்.